அலை தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவருகிறதா?

ஜூலை 12, 2025, இரவு 9.40 (கேட்டவர்)

அண்ணா, சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுறேன். ஆடிப் பதினெட்டு முடிஞ்சதும் வீட்டோட பாண்டிச்சேரி போறோம். எங்க மாமா ஒருத்தர், "கடல்ல எறங்குனா பயமே வேணாம், அலை எல்லாத்தையும் கரைக்குத்தானே தள்ளுது, உன்னையும் கொண்டாந்து போட்டுரும்"னு சொல்றாருங்க. அப்படின்னா ராவும் பகலும் அலை தண்ணியைக் கொண்டாந்துட்டே இருக்கே, அந்தத் தண்ணியெல்லாம் எங்கே போகுது? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், சொல்லுங்க.

ஜூலை 12, இரவு 10.30

மாமா சொன்னதை இன்றோடு மறந்துவிடுங்கள், தம்பி. அதே பேச்சை நான் ஒன்பதாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்று பிறகு எழுதுகிறேன். இப்போது கேள்விக்கு வருகிறேன்.

அலை தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. அம்மாபேட்டைக்காரருக்கு இதைக் கடலைக் காட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை. எங்களுடையதும் தறிக் குடும்பம். பொழுது விடியும் முன்பே தெருவில் பாவு, அதாவது தறிக்குப் போகும் நெடுக்கு நூல், விரித்துக் கஞ்சி போடுவார்கள். இந்தக் கோடியில் நான் விளையாட்டாக ஒரு தட்டு தட்டுவேன். ஒரு மேடு கிளம்பி, நூல் நெடுக ஓடி, அந்தக் கோடியில் நிற்கும் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரும். "எவன்டா பாவைத் தட்டுனது?" என்று அங்கிருந்தே குரல் வரும். என் பக்கத்து நூலில் ஓர் இழையாவது அவரிடம் போனதா? இல்லை. ஓடியது மேடு மட்டும்தான். நூல் இருந்த இடத்தில் எழும்பி அடங்கியது.

கடலிலும் அப்படியே. முகடு வரும்போது ஒரு துளி மேலேறி முன்னே சாய்கிறது, பள்ளம் வரும்போது இறங்கிப் பின்னே போகிறது. ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். பிராக் நகரத்து கெர்ஸ்ட்னர் 1802லேயே இந்த வட்டக் கணக்கை எழுதிவிட்டார். கீழே போகப் போக வட்டம் சுருங்கும். அலை நீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேலே அலை அடிப்பதே தெரியாது.

ஜூலை 13, மாலை

சொன்னதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று முதல் பஸ்ஸில் ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பனிக்குள்தான். மலையில் இப்போது ஆரஞ்சுக் காலம் இல்லை, கீழே சேலத்தில் வாங்கிய பழத்தையே கொண்டுபோனேன். ஆரஞ்சு இந்த வேலைக்கு நல்ல சாமான். தோல் உரிக்காத பழம் மிதக்கும், ஆனால் முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கும், அதனால் காற்று அதை அதிகம் தள்ளாது. கடல் ஆய்வாளர்களே மேல்நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஆரஞ்சை விட்டதுண்டு.

ஏரிக்கரையில் கை எட்டும் தூரத்தில் விட்டேன். ஒரு படகு திரும்பிப் போனதும் அதன் அலை வந்தது. பழம் எழுந்தது, கொஞ்சம் என் பக்கம் வந்தது, இறங்கியது, வந்த அளவே பின்னால் போனது. அடுத்த அலைக்கும் அதே. பழத்தின் காம்புக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றிருந்தது, அது வழியக்கூட இல்லை. அலைகள் பழத்துக்கு அடியில் புகுந்து கரையில் வந்து தட்டிக்கொண்டிருந்தன. பழம் அங்கேயே.

ஆனால் டீ குடித்துவிட்டு இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், பழம் ஒரு நாலு எட்டு தள்ளிக் கரையோரப் புல்லில் ஒதுங்கியிருந்தது. பழத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் அதே யோசனை.

ஜூலை 14

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். "புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்" என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. வட்டம் சரியாக மூடுவதில்லை. மேலே இருக்கும்போது துளி முன்னே போகிற தூரம், கீழே இருக்கும்போது பின்னே வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தூரம் மிச்சம் விழுகிறது. 1847ல் ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மிச்சம் எவ்வளவு என்று நானும் போட்டுப் பார்த்தேன். 2 மீட்டர் உயரம், 10 விநாடிக்கு ஒன்று என வரும் ஆழ்கடல் அலையை எடுத்துக்கொண்டால், அலையின் வடிவம் விநாடிக்கு 15.6 மீட்டர் ஓடுகிறது. மேல்நீர் விநாடிக்கு 2.5 சென்டிமீட்டர் நகர்கிறது. அறுநூறில் ஒரு பங்கு. இதுபோக, காற்று நேராகவே மேல்நீரைத் தன் வேகத்தில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு இழுத்துப்போகும். என் ஆரஞ்சைக் கரை சேர்த்தது இந்த இரண்டும்தான்.

ஆக, தம்பி கேட்டதை நான் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் கரைக்கு வரத்தான் செய்கிறது. அது எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வருகிறேன்.

ஜூலை 19

"அலை முதலில் எங்கிருந்து வருதுங்க சார்?" என்று மேட்டூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். அணை நிறைந்து நிற்கிறது, ஆடிக்காற்றும் அடிக்கிறது, அவர் ஊரிலேயே விடை இருக்கிறது.

காற்று. சமமான நீர்மேல் மெல்லிய காற்று பட்டதும் மயிர்க்கூச்செறிந்த மாதிரி சின்னச் சிலிர்ப்பு வரும். அந்தச் சிலிர்ப்பு வந்தபிறகு காற்றுக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. முகட்டின் முதுகில் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு, அதனால் மேடு வளர்கிறது, வளர்ந்த மேட்டைக் காற்று இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. 1957ல் பிலிப்ஸ், மைல்ஸ் என்ற இருவரும் தனித்தனியே இதற்குக் கணக்கு எழுதினார்கள்.

அலை எவ்வளவு பெரிதாகும் என்பது மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், எவ்வளவு நேரம் அடிக்கிறது, எவ்வளவு தூரத் தண்ணீர்மேல் தடையில்லாமல் அடிக்கிறது. மூன்றாவதை நம் ஊரிலேயே பார்க்கலாம். ஏற்காட்டு ஏரியில் சில நூறு மீட்டர்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறந்தாலும் அங்கே முழங்கால் உயர அலை வராது. மேட்டூர் நீர்ப்பரப்பில் கிலோமீட்டர் கணக்கு, பரிசல் ஓட்டுகிறவர்கள் காற்று நாளில் இறங்க யோசிக்கிறார்கள். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் குறுக்கே நிலமே இல்லை, காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது.

ஜூலை 20

அந்தத் தென்கடல் அலைதான் நம் கடற்கரைக்கும் வருகிறது. காற்று நின்ற பிறகும் அலை நிற்பதில்லை. பாவைத் தட்டிய கை எடுத்தாகிவிட்டது, மேடு ஓடிக்கொண்டே இருக்கிறது. கேரளத்து மீனவர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் சொல்லாமல் ஏறி வரும். திருடன் வருகிற மாதிரி. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமும் எச்சரிக்கையில் இதே பெயரைத்தான் போடுகிறது. 2024 மே 6 அன்று அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது.

கணக்கு: 18 விநாடி இடைவெளி அலை ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 100 கி.மீ. ஓடும். தெற்கே 45 பாகை அட்சரேகையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 5,900 கி.மீ. ஆக இரண்டரை நாளில் வந்துவிடும்.

ஜூலை 21

மேலே உள்ள இரண்டரை நாள் தவறு. சூரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா திருத்தியிருக்கிறார்: "ஒற்றை முகட்டின் வேகத்தை எடுத்துக்கொண்டீர்கள். அலைக்கூட்டம் அதில் பாதி வேகத்தில்தான் வரும்." நூற்றுக்கு நூறு சரி. ஐந்து நாள் என்று திருத்திப் படியுங்கள். மீனவருக்குக் கிடைக்கிற அவகாசமும் அதனால் இரட்டிப்பு. சின்ன விஷயமில்லை.

பாடம் நடத்துகிறவன் இதை விட்டது மனசை அறுத்தது. சாயங்காலம் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக்குப் போய், தேங்காய் அளவு கல்லாகப் பார்த்துப் போட்டேன். வளையம் விரிகிறது அல்லவா, அந்த வளையத்தில் ஒரே ஒரு முகட்டை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள். அது வளையத்தின் உள்விளிம்பில் பிறக்கும், வளையத்தை ஊடுருவி முன்னே ஓடும், வெளிவிளிம்புக்கு வந்ததும் ஆளே இல்லாமல் போய்விடும். அடுத்தது பின்னாலிருந்து பிறந்து வரும். முகடு வேகமாக ஓடுகிறது, கூட்டம் நிதானமாக நகர்கிறது. பத்துப் பன்னிரண்டு கல்லுக்குப் பிறகுதான் என் கண்ணுக்குப் பிடிபட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் மீன் ஓடிவிடும் என்று கோபித்துக்கொண்டார். அவருக்கும் காட்டினேன். "இத்தனை வருஷமா தண்ணியைப் பார்க்கிறேன், இது தெரியலையே" என்றார்.

1963ல் வால்டர் மங்க் என்ற கடல் ஆய்வாளரின் குழுவினர் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து, தென்கடலில் கிளம்பிய அலைகளைப் பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். நீளமான அலைக்கு வேகம் அதிகம், அதனால் அது முதலில் வந்து சேரும், குட்டை அலைகள் பின்னால் வரும். எவ்வளவு முன்பின்னாக வந்தன என்பதை வைத்தே புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 26

நீரோட்டம் வேறு. அலையில் வடிவம் ஓடுகிறது, நீரோட்டத்தில் தண்ணீரே ஓடுகிறது. காவிரி மாதிரி, கரை மட்டும் இல்லை.

ஓட்டுவது இங்கும் பெரும்பாலும் காற்றுதான், ஆனால் பூமி சுற்றுவதால் தண்ணீர் காற்றின் திசையிலேயே போவதில்லை. 1893லிருந்து 1896 வரை நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சன் தன் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு மிதந்துபோனபோது, பனிக்கட்டி காற்றடிக்கும் திசைக்கு வலப்பக்கமாக 20 முதல் 40 பாகை விலகிப் போவதைக் கவனித்தார். 1905ல் ஸ்வீடன் நாட்டுக் கடல் ஆய்வாளர் எக்மன் அதற்குக் காரணம் எழுதினார். மேல்தட்டு கீழ்த்தட்டை இழுக்கிறது, ஒவ்வொரு தட்டும் இன்னும் வலப்பக்கம் திரும்புகிறது, மொத்தமாகப் பார்த்தால் தண்ணீர் காற்றுக்குச் செங்குத்தாக வலப்பக்கம் போகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இடப்பக்கம்.

தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரமாகத் தெற்கு நோக்கிக் காற்று வீசும்போது, மேல்நீர் வலப்பக்கம், அதாவது கரையை விட்டு மேற்கே விலகுகிறது. காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வருகிறது. மத்தி மீன் பெருகுவது அதனால்தான். சேலம் மீன் மார்க்கெட்டில் மத்திக் கூடையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு எக்மன்தான் ஞாபகம்.

மற்றப் பெருங்கடல்களில் இந்த அளவுக்கு இல்லாத ஒன்று நம் பக்கம் இருக்கிறது. பருவக்காற்று திரும்பினால் நம் கடலின் நீரோட்டமும் திரும்பிவிடும். சோமாலியா ஓரம் கோடையில் வடக்கே விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பாய்கிற நீரோட்டம் குளிர்காலத்தில் எதிர்த்திசையில் போகும். நம் கிழக்குக் கரையில் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும்.

காற்றே இல்லாமலும் தண்ணீர் ஓடும். சாயத் தொட்டி பார்த்தவர்களுக்கு இது புரியும். உப்புப் போட்ட சாயத்தண்ணீரைக் கலக்காமல் வெறும் தண்ணீரில் ஓரமாக ஊற்றினால், சிவப்பு நேரே அடியில் இறங்கி, அடித்தரையில் பாய் விரித்த மாதிரி ஊர்ந்து போகும். மேலே தண்ணீர் தெளிவாகவே நிற்கும். சித்தப்பாவின் பட்டறையில் அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கிரீன்லாந்துப் பக்கமும் அண்டார்டிகாவின் வெடல் கடலிலும் குளிர்ந்து உப்பேறிய தண்ணீர் அப்படித்தான் அடியில் இறங்குகிறது. உலகக் கடல்களின் அடியில் ஊர்ந்து மறுபடி மேலே வர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும்.

ஜூலை 27

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பிப்ரவரியில் நம் கரையில் காற்று இன்னும் வடகிழக்கிலிருந்துதானே வருகிறது? அப்புறம் நீரோட்டம் எப்படி வடக்கே திரும்புகிறது? காற்றுக்கு எதிராக ஓடுகிறதே!

காரணம் உள்ளூர்க் காற்று மட்டும் இல்லை. வங்கக் கடல் நடுவில் வீசும் காற்றுக்கும், எங்கோ நிலநடுக்கோட்டில் வீசும் காற்றுக்கும் பங்கு உண்டு. அங்கே ஏற்படும் மாற்றம், கரையை ஒட்டியே ஓடும் ஒரு பெரிய மெதுவான அலையாகச் சுமத்ரா, மியான்மர், வங்கதேசம் என்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்து நீரோட்டத்தை மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத அலை, நீளம் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அலை வேறு நீரோட்டம் வேறு என்று கோடு போட்டேன், அந்தக் கோட்டையும் கொஞ்சம் அழிக்க வேண்டியிருக்கிறது.

சுனாமி பற்றியும் ஒருவர் கேட்டார். அது காற்றலை அல்ல, கடல் தரையே எழும்பியதால் வந்தது. மேலிருந்து அடிவரை முழுத் தண்ணீரும் அசையும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகம். 2004 டிசம்பர் 26 காலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல்தான் ஆனது நம் கரைக்கு வர. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர். இங்கே அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

ஜூலை 30

பாண்டிச்சேரி போகிறவருக்காக. அலை கரைக்கு நேராக வராமல் சாய்வாக வரும்போது, உடைந்த தண்ணீர் கரையோரமாகவே ஒரு நீரோட்டமாக ஓடும், மணலையும் கூட்டிக்கொண்டு போகும். நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை தின்னப்பட்டது. பாண்டிச்சேரியிலும் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபிறகு வடக்கே மணல் போய்க் கருங்கல்தான் மிஞ்சியது. 2018 வாக்கில் தண்ணீருக்கடியில் தடுப்புப் போட்டபின் கொஞ்சம் மணல் திரும்பியது.

ஆகஸ்ட் 1, இரவு

ஒன்பதாம் வகுப்புக் கதை.

பள்ளியிலிருந்து கிழக்குக் கரையில் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். எங்களில் பாதிப் பேர் அன்றுதான் கடலைப் பார்க்கிறோம். கூட வந்த பெரியவர் ஒருவர், "இடுப்பளவு போங்கடா, அலை தானா கரைக்குத் தள்ளிடும்" என்றார். கெட்ட எண்ணமில்லை, அவரும் அப்படித்தான் நம்பினார். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சந்து மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் இருண்டு, அமைதியாகக் கிடந்தது. அமைதியாக இருக்கிறதே என்று நானும் என் பெஞ்சில் உட்காருகிற நண்பனும் அங்கே இறங்கினோம்.

காலுக்கடியில் மணல் ஓடியது. முதலில் சுகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் கரை தூரம் போயிருந்தது. நுரையெல்லாம் எங்களோடு கடல் பக்கம் வந்துகொண்டிருந்தது, கரைப் பக்கம் போகவில்லை. கரையைப் பார்த்து நீந்தினேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். நண்பன் இரண்டு முறை முங்கினான். வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடி வந்து அவனை முடியைப் பிடித்துத் தூக்கினார். என்னைப் பார்த்து, "எதுக்க நீந்தாதே, பக்கவாட்டுல போ, பக்கவாட்டுல போ!" என்று கத்தினார். போனேன். பதினைந்து இருபது கை வீசியதும் இழுப்பு விட்டுவிட்டது, அலை உடைகிற இடம் வந்தது, அது என்னைக் கரைப் பக்கம் தள்ளியது.

தம்பி, உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சந்துதான். உடைந்த அலை தண்ணீரை உண்மையாகவே கரைக்குத் தள்ளுகிறது. அங்கே குவிந்த தண்ணீர் போக வழி வேண்டும். மணல் திட்டில் எங்கே தாழ்வு கிடைக்கிறதோ அங்கே எல்லாம் கூடி ஒரு குறுகிய ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்தத் தாழ்வில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை, அதனால்தான் பார்க்க அமைதி. சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும், சில நாள் 2 மீட்டரையும் தாண்டும். அந்த வேகத்தை எதிர்த்து ஒலிம்பிக் நீச்சல்காரராலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. அது ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் ஆட்கள் முங்குகிறார்கள். நீச்சல் தெரியாதவர் அந்தப் பக்கம் கணுக்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாக நகர வேண்டும்.

இதை மாமாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆகஸ்ட் 10, காலை 7.15 (கேட்டவர்)

அண்ணா, பாண்டியில இருக்கோம். அலையை எண்ணினேன், 11 விநாடிக்கு ஒண்ணு. நீங்க சொன்ன சந்து ரெண்டு இருக்குங்க, ஒண்ணு கல்லுக்குப் பக்கத்துலயே. நுரை வெளிய போறது தெளிவாத் தெரியுது. மாமா அரை மணி நேரமா அதையே பார்த்துட்டு நிக்கறார். புள்ளைங்களை அந்தப் பக்கம் விடல.

ஆகஸ்ட் 10, காலை 7.40

11 விநாடி என்றால் ஆழ்கடலில் அதன் நீளம் கிட்டத்தட்ட 190 மீட்டர் இருந்திருக்கும். அது உள்ளூர்க் காற்றலை இல்லை, வெகுதூரத்திலிருந்து வருகிறது. கல்லுக்குப் பக்கத்தில் உள்ள சந்து அங்கேயே இருக்கும், இன்னொன்று மணலோடு இடம் மாறும். நேற்றுப் பத்திரமாக இருந்த இடம் என்று நாளைக் காலை இறங்கிவிடாதீர்கள், மறுபடி நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.